சிசில் ரோட்ஸின் சட்டங்களுக்கு அடியில் இருந்த சுரங்கக் கணக்கு

சிசில் ரோட்ஸ் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ரோட்ஸ் ஸ்காலர்ஷிப், அவர் பெயர் தாங்கிய ரொடீசியா (இன்றைய ஜிம்பாப்வே, ஜாம்பியா), 2015 ஏப்ரலில் கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் கிரேன் வைத்துத் தூக்கிய சிலை. வைரக் கம்பெனி வைத்திருந்தார் என்பது ஒற்றை வரியில் போய்விடும். அந்த ஒற்றை வரியைத்தான் விரித்துப் படிக்க வேண்டும் என்பது என் கட்சி. சாம்ராஜ்யக் கனவும் ஆங்கில இனப்பெருமையும் அவரிடம் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் தென்னாப்பிரிக்காவில் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த கேப் காலனியின் நாடாளுமன்றத்தில் அவர் கைவைத்த சட்டங்களை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலானவற்றுக்கு அடியில் ஏதோ ஒரு சுரங்கக் கணக்கு உட்கார்ந்திருக்கும். தண்ணீர், மண்சரிவு, கல் திருட்டு, கூலியாள், வெடிமருந்து.

ஆளைப் பற்றிச் சுருக்கமாக. 1853-ல் இங்கிலாந்தின் பிஷப்ஸ் ஸ்டார்ட்ஃபோர்டில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். 1870-ல் தென்னாப்பிரிக்காவின் நட்டாலில் அண்ணன் ஹெர்பர்ட் போட்டிருந்த பருத்திக் காட்டுக்குப் போனார். பருத்தியில் ஒன்றும் தேறவில்லை. 1871 கடைசியில் கிம்பர்லி வைர வயலுக்கு வந்து அண்ணனுடைய கிளெய்ம்களை, அதாவது தோண்டும் உரிமை பெற்ற நிலத்துண்டுகளைப் பார்த்துக்கொண்டார். அப்போது வயது 18. இடையிடையே ஆக்ஸ்ஃபோர்டுக்கும் போய்ப் படித்து, 1881-ல்தான் பட்டம் வாங்கி முடித்தார்.

இனி குழிக்கு வருவோம்.

கிம்பர்லியில் பக்கம் பக்கமாக நான்கு சுரங்கங்கள்: கிம்பர்லி, டி பியர்ஸ், டுடாய்ட்ஸ்பான், புல்ட்ஃபான்டெய்ன். (இணையத்தில் 'ரோட்ஸின் சுரங்கம்' என்று போடுகிற அந்தப் பிரம்மாண்டமான 'பிக் ஹோல்' கிம்பர்லி சுரங்கம். ரோட்ஸ் காலூன்றியது அதிலிருந்து ஏறக்குறைய ஒரு மைல் தள்ளியிருந்த டி பியர்ஸில். பிக் ஹோல் அவர் கைக்கு வந்தது கடைசியில்தான்.) நான்கும் பூமிக்குள் குழாய் போல இறங்குகிற எரிமலைப் பாறை. மேல்பகுதியில் மஞ்சள் மண். உதிரியாக இருக்கும், உடைத்துச் சலித்தால் போதும். அதற்குக் கீழே கெட்டியான நீல மண். மஞ்சள் மண் தீர்ந்ததும் வைரமும் தீர்ந்தது என்று நினைத்து விற்றுவிட்டுப் போனவர்கள் பலர். உண்மையில் நீல மண்தான் தாய்ப்பாறை. வெட்டி எடுத்து வெட்டவெளியில் பரப்பி, வெயிலும் மழையும் பட்டு உதிர மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பிறகுதான் கழுவ முடியும். கையில் காசில்லாதவனால் அத்தனை மாதம் காத்திருக்க முடியாது. சிறு ஆட்கள் கழன்றுகொள்ள ஆரம்பித்தது இந்த இடத்தில்தான்.

ஒரு கிளெய்ம் 31 அடிக்கு 31 அடி. கிம்பர்லி சுரங்கத்தில் மட்டும் அப்படி 400-க்கு மேல். ஆரம்பத்தில் ஓர் ஆள் இரண்டு கிளெய்முக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. மண்ணை வெளியே கொண்டுபோக, ஒவ்வொருவரும் தன் கிளெய்மின் ஓரத்தில் ஏழரை அடி விட்டு, பக்கத்துக்காரனுடையதோடு சேர்த்து 15 அடிப் பாதை அமைத்தார்கள். இரண்டு பக்கமும் தோண்டத் தோண்டப் பாதை மட்டும் மதில் போல உயர்ந்து நின்றது. மழையில் ஊறி, வண்டி கனத்தில் விரிசல் விட்டு, ஓரிரு வருடத்திலேயே அத்தனை பாதையும் சரிந்தது. அதன் பிறகு குழியின் விளிம்பில் மரச்சாரம் கட்டி, ஒவ்வொரு கிளெய்முக்கும் கம்பி வடம் இழுத்து, தோல் வாளிகளில் மண்ணை ஏற்றினார்கள்.

பாதைச் சிக்கல் இப்படித் தீர்ந்தது. தண்ணீர்ச் சிக்கல் அவ்வளவு சுலபமாகத் தீரவில்லை. ஒருவன் ஆழமாகத் தோண்டினால் அடுத்தவன் மண் அவன் தலையில் விழும். ஒருவன் தோண்டாமல் போட்டுவிட்டால் அங்கே தண்ணீர் தேங்கிப் பக்கத்துக்காரனை மூழ்கடிக்கும். போதாக்குறைக்கு, குழியைச் சுற்றியிருந்த களிப்பாறைச் சுவர் அவ்வப்போது பெயர்ந்து விழுந்து மாதக்கணக்கான வேலையை மூடிவிடும். விழுந்ததை யார் செலவில் அள்ளுவது என்று தகராறு. 31 அடிச் சதுரத்துக்குள் இதில் எதற்கும் தீர்வு கிடையாது.

ரோட்ஸ் நுழைந்தது இந்த இடைவெளியில். 1874-ல் பங்காளி சார்லஸ் ரட்டோடு சேர்ந்து நீராவி பம்ப் கொண்டுவந்து தண்ணீர் இறைக்கும் காண்ட்ராக்ட் எடுத்தார். கிம்பர்லிக்கு ரயில் வந்ததே 1885-ல். அதுவரை இயந்திரம், உதிரிப் பாகம், விறகு எல்லாம் மாட்டு வண்டியில் வர வேண்டும். இறைப்பு ஒரு நாள் நின்றால் குழியில் வேலை நின்றது. போட்டியாளரின் பம்பைப் பழுதாக்க ரோட்ஸ் ஆள் பிடித்தார் என்று 1876-ல் குற்றச்சாட்டு கிளம்பியது. நிரூபணமாகவில்லை. பம்ப் காண்ட்ராக்ட் அவருக்குத் தந்த லாபம் பணம் மட்டும் இல்லை. எந்தக் கிளெய்ம்காரன் கடனில் இருக்கிறான், எவன் விற்கத் தயாராக இருக்கிறான் என்பது தண்ணீர் இறைப்பவனுக்கு மற்றவர்களுக்கு முன்பே தெரியும்.

கிளெய்ம் உச்சவரம்பு 1874-ல் பத்தாக உயர்ந்தது, 1876-ல் அடியோடு நீங்கியது. 1880 ஏப்ரல் 1-ல் 2 லட்சம் பவுண்ட் முதலீட்டில் டி பியர்ஸ் மைனிங் கம்பெனி பிறந்தது. அதே ஆண்டு அந்தப் பகுதி கேப் காலனியோடு இணைய, 1881-ல் பார்க்லி வெஸ்ட் தொகுதியில் நின்று உறுப்பினரானார். சாகும்வரை அந்தத் தொகுதியை விடவில்லை. கம்பெனியும் பதவியும் ஓராண்டு இடைவெளியில் வந்ததைத் தற்செயல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முதலில் திருட்டுப் பிரச்சினை. வைரம் சின்னது, விலை பெரிது, வாய்க்குள்ளும் வயிற்றுக்குள்ளும் போகும். 1882-ன் வைர வணிகச் சட்டத்தின்படி, பட்டை தீட்டாத கல் உங்களிடம் இருந்தால் அது நேர்வழியில் வந்தது என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். ஜூரி இல்லாத தனி நீதிமன்றம். தண்டனை 15 ஆண்டுகள் வரை. சுரங்க முதலாளிகளின் தரப்புக்காக நாடாளுமன்றத்துக்குள் உழைத்தவர்களில் ரோட்ஸும் ஒருவர்.

சட்டம் மட்டும் போதவில்லை. வேலை முடிந்து வருபவர்களை ஆடை களைந்து சோதிக்க ஆரம்பித்தார்கள். வெள்ளைத் தொழிலாளர்கள் 1883-லும் 1884-லும் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1884-ல் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அதன் பிறகு வெள்ளையர்களை அப்படிச் சோதிப்பது நின்றுபோனது. மொத்தப் பாரமும் ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள் மேல் இறங்கியது.

அதுதான் 1885, 1886-ல் வந்த மூடிய காம்பவுண்ட். நடுவில் பெரிய முற்றம், சுற்றிலும் தகரக் கொட்டகைகள், உயரமான வேலி. வெளியே கல்லை வீசிவிடக் கூடாது என்பதற்காக முற்றத்துக்கு மேலே கம்பி வலை. காம்பவுண்டிலிருந்து சுரங்க வாய்க்கு மூடிய பாதை. ஒப்பந்தம் முடியும்வரை சில மாதங்களுக்கு வெளியே கால் வைக்க முடியாது. சாமான் வாங்குவது உள்ளே இருக்கும் கம்பெனிக் கடையில். ஆக, கொடுத்த கூலியில் ஒரு பங்கு கம்பெனிக்கே திரும்பும். ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போகும் முன் சில நாள் தனி அறை: உடை கிடையாது, கையில் பூட்டிய தடித்த உறைகள், பேதி மருந்து, மலத்தை அலசிப் பார்த்தல். போதாததற்கு அரசுச் சிறைக் கைதிகளையும் கம்பெனி வேலைக்கு வாங்கியது. ஊர்க் கடைக்காரர்கள் வியாபாரம் போச்சே என்று காம்பவுண்டை எதிர்த்தார்கள். உள்ளே அடைபட்டவர்களுக்காக எழுந்த குரல்கள் குறைவு.

எந்த எஞ்சினியரும் குழியைப் பார்த்தவுடன் 'எல்லாவற்றையும் ஒன்றாக்கு' என்றுதான் சொல்லியிருப்பார். பூமிக்கு அடியில் சுரங்கப்பாதை போட வேண்டிய காலம் வந்ததும் சிறு கம்பெனிகளுக்கு வேறு வழி இல்லை. ரோட்ஸ் 1887-ல் லண்டன் வங்கிக் குடும்பமான ராத்ஸ்சைல்டின் கடன் உதவியோடு கிம்பர்லி சுரங்கத்தில் இருந்த பிரெஞ்சுக் கம்பெனியை 14 லட்சம் பவுண்டுக்கு வாங்கி முடித்தார். எதிரில் நின்றவர் பார்னி பர்னாட்டோ. லண்டனின் ஏழை யூதக் குடியிருப்பிலிருந்து வந்து, கிம்பர்லி சென்ட்ரல் கம்பெனியைக் கையில் வைத்திருந்தவர். 1888 மார்ச்சில் டி பியர்ஸ் கன்சாலிடேட்டட் பதிவானது.

அந்தக் கம்பெனியின் ஒப்பந்தப் பத்திரம்தான் என்னைப் பொறுத்தவரை ரோட்ஸின் உண்மையான அரசியல் அறிக்கை. வைரம் எடுப்பதோடு நிற்காமல், ஆப்பிரிக்காவில் நிலம் பிடிக்க, ஆட்சி நடத்த, படை வைத்துக்கொள்ளக்கூட இடம் கொடுக்கிற அளவுக்கு அகலமான வாசகம். சென்ட்ரல் கம்பெனியின் பங்குதாரர்கள் சிலர் நீதிமன்றம் போனார்கள். எங்கள் கம்பெனி தன்னைப் போன்ற இன்னொரு கம்பெனியோடு மட்டுமே இணையலாம், இது வைரக் கம்பெனி மாதிரியே இல்லையே என்பது அவர்கள் வாதம். நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பெரும்பான்மைப் பங்கு ரோட்ஸ், பர்னாட்டோ பக்கம் இருந்ததால் சென்ட்ரலையே கலைத்துவிட்டு, அதன் சொத்தை விலைக்கு வாங்கினார்கள். 1889 ஜூலை 18 தேதியிட்ட காசோலை: 53,38,650 பவுண்ட்.

இந்தப் பேரம் நடந்துகொண்டிருந்த 1888 ஜூலையில் டி பியர்ஸ் சுரங்கத்துக்குள் தீப்பிடித்து 202 பேர் இறந்தார்கள். அதில் 178 பேர் ஆப்பிரிக்கர்கள். காசோலையின் படத்தை அச்சிடுகிற வரலாறுகளில் இந்த எண்ணைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

இணைப்புக்குப் பிறகு உலக வைரத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் ஒரே கம்பெனியிடம். செய்த முதல் வேலை உற்பத்தியைக் குறைத்தது. வேலையாட்கள் வெளியே போனார்கள், கேரட் விலை சுமார் 20 ஷில்லிங்கிலிருந்து ஒரே ஆண்டில் 30-ஐத் தாண்டியது. கல்லை விற்க லண்டனில் ஒரே சிண்டிகேட்.

1890 ஜூலையில் ரோட்ஸ் கேப் காலனியின் பிரதமர். டி பியர்ஸ் தலைமையும், வடக்கே மட்டபெலேலாந்து, மஷோனாலாந்து (இன்றைய ஜிம்பாப்வே) பக்கம் நிலம் பிடிக்க 1889-ல் அரச சாசனம் பெற்ற பிரிட்டிஷ் சவுத் ஆப்பிரிக்கா கம்பெனியும் கையில் இருக்கும்போதே. அந்தச் சாசனத்துக்கு ஆதாரம் 1888-ல் மட்டபெலே மன்னர் லோபெங்குலாவிடம் பங்காளி ரட் வாங்கிய ரட் ஒப்பந்தம்: மாதம் 100 பவுண்ட், ஆயிரம் துப்பாக்கி, ஒரு லட்சம் தோட்டா, பதிலுக்குக் கனிமம் முழுவதும். கனிம உரிமைப் பத்திரத்தை வைத்து ஒரு நாட்டையே எடுத்துக்கொண்ட கதை. ஜோகன்னஸ்பர்க் போல இன்னொரு தங்க வயல் அங்கே கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது.

கேப் நாடாளுமன்றத்தில் அவருக்குத் துணை ஹோஃப்மைரின் ஆப்ரிக்கானர் பாண்ட், அதாவது டச்சு வம்சாவளி விவசாயிகள் கட்சி. அவர்களுக்குச் சந்தைப் பாதுகாப்பும் கூலியாளும் வேண்டும். இவருக்கு வைரத்தின் மேல் வரி வரக் கூடாது. நல்ல பொருத்தம்.

1892-ல் வாக்குரிமைச் சட்டம். சொத்துத் தகுதி 25 பவுண்டிலிருந்து 75 பவுண்ட் ஆனது. பெயர், முகவரி, தொழிலை எழுதத் தெரிய வேண்டும். 1894-ல் கிளென் கிரே சட்டம். அந்த மாவட்டத்து ஆப்பிரிக்கக் குடும்பங்களுக்குத் தலைக்கு ஏறக்குறைய 8 ஏக்கர், மூத்த மகனுக்கு மட்டுமே வாரிசுரிமை. மற்ற பிள்ளைகள் நிலமில்லாமல் வெளியே போயாக வேண்டும். வெளியே மூன்று மாத வேலை செய்ததாகக் காட்டாத ஆணுக்கு வருடம் 10 ஷில்லிங் வரி. கொடுத்த நிலத்தை வாக்குரிமைச் சொத்தாகக் கணக்கில் எடுக்கவும் முடியாது. சுரங்கத்துக்கும் பண்ணைக்கும் ஆள் வந்துகொண்டே இருக்க வேண்டும், ஆனால் வந்தவன் வாக்காளன் ஆகக் கூடாது. ரோட்ஸ் இதை ஆப்பிரிக்கா முழுமைக்குமான மசோதா என்று பெருமையாகச் சொன்னார். நடைமுறையில் அந்த 10 ஷில்லிங் வரி தோல்வி. வசூல் அநேகமாக நடக்கவில்லை, 1905-ல் நீக்கினார்கள். நிலப் பகுதியின் தர்க்கம் மட்டும் சாகாமல் ஆப்பிரிக்கர்கள் நிலம் வாங்குவதைக் கட்டுப்படுத்திய 1913 நிலச் சட்டம் வரை போய்ச் சேர்ந்தது.

அவரைக் கவிழ்த்ததும் சுரங்கம்தான். ஜோகன்னஸ்பர்க்கில் அவருடைய கோல்டு ஃபீல்ட்ஸ் கம்பெனி மேற்பரப்புத் தங்கத்தில் கோட்டை விட்டது. பிறகு ஆழ்மட்டச் சுரங்கத்தில் பணம் போட்டது. ஆழ்மட்டம் என்றால் பல நூறு அடி கிணறு இறக்கி, தங்கப் படிவை எட்டும்வரை வருடக்கணக்கில் செலவு மட்டும்தான். தங்கத்தின் விலையோ நிலையானது, ஏறிய செலவை யார் தலையிலும் கட்ட முடியாது. ஜோகன்னஸ்பர்க் இருந்தது டிரான்ஸ்வால் என்ற போயர் குடியரசில், அதன் அதிபர் க்ரூகர். டைனமைட்டை க்ரூகர் அரசின் ஏகபோகக்காரரிடம்தான் வாங்க வேண்டும். ஆழ்மட்டக்காரருக்கு இது மற்றவர்களைவிட அதிகம் வலிக்கும். 1895 டிசம்பர் 29-ல் ரோட்ஸின் நெருங்கிய ஆளான ஜேம்சன், க்ரூகர் ஆட்சியைக் கவிழ்க்க, சுமார் 500 பேரோடு டிரான்ஸ்வாலுக்குள் புகுந்ததற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்லவில்லை. ஆனால் காரணங்களில் இதை முன்வரிசையில் வைப்பேன். ஜோகன்னஸ்பர்க்கில் கிளர்ச்சி செய்ய இருந்தவர்களுக்குத் துப்பாக்கி போனது டி பியர்ஸ் வழியாக, இரட்டை அடி வைத்த எண்ணெய் டிரம்களில். குழாயைத் திறந்து பார்த்தால் எண்ணெய் சொட்டும், துப்பாக்கி உள்ளே இருக்கும். இவ்வளவு கவனமாகத் திட்டமிட்டவர்கள் டிரான்ஸ்வால் தலைநகர் பிரிட்டோரியாவுக்குப் போகும் தந்திக் கம்பியை வெட்டாமல் கோட்டை விட்டார்கள். ஜனவரி 2-ல் டோர்ன்கோப்பில் சரண். பத்து நாளில் ரோட்ஸின் பிரதமர் பதவி போனது. டி பியர்ஸ் தலைமை 1902-ல் சாகும்வரை போகவில்லை.

'அந்தக் காலத்து மனிதர், அந்தக் காலத்து மனநிலை' என்று பின்னூட்டம் வரும். அதே காலத்தில் கேப் காலனியில் 1853 முதல் நிறம் பார்க்காத வாக்குரிமை இருந்தது. அந்த வாசலைத்தான் இவர் குறுக்கினார். 1890-ல் வேலைக்காரரைச் சவுக்கால் அடிக்க வழிசெய்யும் மசோதாவுக்கு ரோட்ஸ் ஆதரவாக வாக்களித்தார். அதே சபையின் பெரும்பான்மை அதைத் தோற்கடித்தது. ஜான் டெங்கோ ஜபாவு 1884 முதல் ஹோசா மொழியில் பத்திரிகை நடத்தி, இந்தச் சட்டங்களை வந்த வேகத்திலேயே விமர்சித்துக்கொண்டிருந்தார். அவரும் அந்தக் காலத்து மனிதர்தான்.