பெட்டியில் 120 என்று போட்டிருந்தது

டிவி வாங்கி மூன்று வாரமாகிறது, இன்னும் வயிறு எரிகிறது. பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் 4கே, அதற்குக் கீழே 120 என்று ஒரு எண், அதன் பக்கத்தில் 'மோஷன்' என்று தொடங்கும் ஏதோ ஒரு பெயர். கேம் விளையாடத்தான் வாங்குகிறேன், நிஜமாகவே 120 ஹெர்ட்ஸா, அதாவது திரை நொடிக்கு 120 தடவை படத்தைப் புதுப்பிக்குமா என்று விற்றவரிடம் தெளிவாகக் கேட்டேன். "ஆமாம் சார், பெட்டியிலேயே போட்டிருக்கே" என்றார். வீட்டுக்கு வந்து பிளேஸ்டேஷன் 5 கேம் கன்சோலை மாட்டி செட்டிங்ஸைத் திறந்தால் 120 என்ற பேச்சே இல்லை. பேனல், அதாவது டிவியின் திரை, வெறும் 60 ஹெர்ட்ஸ். இரண்டு ஃப்ரேமுக்கு (அடுத்தடுத்து வரும் தனிப் படங்களுக்கு) நடுவே டிவி தானாக ஒன்றைக் கற்பனை செய்து சொருகுகிறதே, அதையும் கணக்கில் சேர்த்துத்தான் இந்த 120-ஐப் போட்டிருக்கிறார்கள். அடுத்த ஃப்ரேம் வரும்வரை காத்திருந்தால்தான் டிவியால் அப்படிச் சொருக முடியும், காத்திருந்தால் பட்டனை அமுக்கியதற்கும் திரையில் நடப்பதற்கும் இடைவெளி கூடும். ஆக, கேம் ஆடுகிறவன் முதல் வேலையாக அணைத்து வைக்க வேண்டிய வசதியைக் காட்டி என்னிடமே விற்றுவிட்டார்கள்.

சரி, 4கே-யாவது பயன்பட்டதா? ஃபுல் எச்டியில் சுமார் 20.7 லட்சம் பிக்சல் (படத்தை உருவாக்கும் புள்ளிகள்), 4கே-யில் சுமார் 83 லட்சம், அதாவது நான்கு மடங்கு. பெரிய கேம்களில் இத்தனையையும் நொடிக்கு 60 தடவை வரைய கன்சோலுக்குச் சக்தி போதாது. அதனால் குறைந்த ரெசல்யூஷனில், அதாவது குறைவான பிக்சல்களில், வரைந்து இழுத்துப் பெரிதாக்கித்தான் பெரும்பாலும் அனுப்புகிறது. குவாலிட்டி வேண்டுமா பெர்ஃபார்மன்ஸ் வேண்டுமா என்று கேமே கேட்கிறதே, அது இதனால்தான். குவாலிட்டி என்றால் பெரும்பாலும் நொடிக்கு 30 ஃப்ரேம், ஒவ்வொன்றும் 33 மில்லிசெகண்ட் நிற்கும். 60 ஃப்ரேம் என்றால் 16.7 மில்லிசெகண்ட். 60-இல் ஆடிப் பழகிய கைக்கு 30 பிடிக்கவே பிடிக்காது, நான் எப்போதும் பெர்ஃபார்மன்ஸ்தான். காசு கொடுத்து வாங்கிய அந்தக் கூர்மையை விளையாடும்போது நானே விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

அப்புறம் தூரம். இதை வாங்கும்போது ஒருத்தரும் கேட்பதில்லை. என்னுடையது 43 அங்குலம். சாதாரணப் பார்வை உள்ளவருக்கு இந்த அளவுத் திரையில் ஐந்தரை அடியைத் தாண்டினாலே ஃபுல் எச்டி பிக்சல்கள் தனித்தனியாகத் தெரியாது, 55 அங்குலத்துக்கு அது ஏழடி. எங்கள் சோபா எட்டடி தள்ளிக் கிடக்கிறது! என் பழைய ஃபுல் எச்டி டிவியும் இதே 43 அங்குலம்தான். ஆக, அந்தத் தூரத்திலிருந்து கூடுதல் பிக்சல் கண்ணுக்குத் தெரியப்போவதில்லை.

முன்னே சொன்ன அந்த இடைவெளியையும் அனுபவித்தேன். முதல் நாள் கேமில் எதிரி வாளை ஓங்கும்போதே விலகு பட்டனை அமுக்குகிறேன், ஆள் வெட்டுப்பட்ட பிறகு விலகுகிறான். கன்ட்ரோலர்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து மாற்றிக்கூடப் பார்த்தேன். மெனுவில் நாலு அடுக்கு உள்ளே ஒளிந்திருந்த கேம் மோடை, அதாவது படத்தை மெருகேற்றும் வேலைகளைக் குறைத்துத் தாமதத்தைக் குறைக்கும் வசதியை, தம்பி கண்டுபிடித்துப் போட்ட பிறகுதான் சரியானது. கேம் மோட் இல்லாமல் சில டிவிகளில் இந்தத் தாமதம் நூறு மில்லிசெகண்டைக்கூடத் தாண்டும்.

வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும் எச்டிஆர் பற்றிச் சொன்னால் இன்னும் கோபம் வரும், ஏனென்றால் பிக்சலைவிட அதுதான் கண்ணுக்கு நேராகத் தெரியும் வித்தியாசம். நெருப்பு நெருப்பாகவும் இருட்டு இருட்டாகவும் தெரிய வேண்டுமானால் பேனலுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும், தேவையான இடத்தில் மட்டும் பின்விளக்கைக் குறைக்கவும் தெரிய வேண்டும். என் டிவி எச்டிஆர் சிக்னலை வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். குகைக்குள் போனால் கருப்பெல்லாம் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. இதற்கும் பெட்டியில் ஒரு முத்திரை உண்டு.

கன்சோலை டிவியோடு இணைக்கும் எச்டிஎம்ஐ இணைப்பு 2.1 என்று பார்த்து வாங்கு என்பார்கள். அதையும் நம்ப முடியாது. 4கே 120 ஹெர்ட்ஸ், ஃப்ரேம் வேகத்துக்கு ஏற்பத் திரையும் வேகத்தை மாற்றிக்கொள்ளும் விஆர்ஆர் எல்லாமே அந்தத் தரத்தில் கட்டாயமில்லை, இவை இல்லாத சாதனத்துக்கும் 2.1 என்று பெயர் போட்டுக்கொள்ளலாம் என்பது 2021 டிசம்பரிலேயே வெளிவந்துவிட்டது. ஆக, அந்த எண்ணை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

4கே-யே வீண் என்று நான் சொல்லவில்லை. நண்பன் வீட்டில் நிஜமான 120 ஹெர்ட்ஸ் பேனல், விஆர்ஆர், 65 அங்குலம், ஆறடியில் நாற்காலி. கேமராவைச் சுழற்றியதுமே வித்தியாசம் தெரிந்தது, வாங்கினால் அப்படி ஒன்றை வாங்க வேண்டும். அதற்குப் பணம் இல்லையென்றால், கையில் நன்றாக ஓடும் ஃபுல் எச்டி டிவி இருந்தால், வெறும் 4கே என்ற எழுத்துக்காக அதை மாற்றாதீர்கள்.

பேனலின் உண்மையான ஹெர்ட்ஸை 4கே எழுத்தின் அளவிலேயே பெட்டியின் முன்பக்கம் போட என்ன தடை? திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டேன். பெட்டியைத் திறந்துவிட்டீர்களே, இனி முடியாது என்கிறார்கள். திறக்காமல் உள்ளே இருப்பது 60-ஆ 120-ஆ என்று நான் எப்படிப் பார்ப்பது?