மிஸ்ஸிங்னு சொன்னதுமே நாலு காயிலா?

ஐடில்ல வண்டி நடுங்குது, ஆக்ஸிலேட்டரை மிதிச்சா ஜெர்க் அடிக்குது. ஸ்கேனர்ல பி0302ன்னு ஒரு எரர் கோடு. இதைச் சொன்னதும் வொர்க்‌ஷாப்ல வந்த பதில்: "நாலு காயில், நாலு பிளக், இன்ஜெக்டர் கிளீனிங், எல்லாத்தையும் பண்ணிடலாம் சார்." போனட்டைக்கூடத் திறக்கல! பத்திக்கிட்டு வந்துச்சு.

பி0302ன்னா ரெண்டாவது சிலிண்டர்ல பெட்ரோல் சரியா எரியல, அதாவது மிஸ்ஸிங், அவ்வளவுதான். ஏன் எரியலன்னு அந்த எரர் கோடு சொல்லாது. பிளக்குக்குக் கரண்ட் குடுக்கிற காயிலா, தீப்பொறி அடிக்கிற பிளக்கா, பெட்ரோல் பீச்சுற இன்ஜெக்டரா, சிலிண்டருக்குள்ள அழுத்தம் (கம்ப்ரஷன்) போச்சான்னு கண்டுபிடிக்கிறதுதானே மெக்கானிக் வேலை? அதைச் செய்யாம, ஒவ்வொரு பார்ட்டா மாத்திப் பாக்குறதுக்கு ஏன் என் காசு?

இத்தனைக்கும் காயிலைச் சோதிக்க ஒரு செலவும் கிடையாது. இன்ஜினை ஆற விட்டு, ரெண்டாவது சிலிண்டர் காயிலைக் கழட்டி மூணாவதுல மாட்டி, மூணாவதோடதை இங்க மாட்டணும். ஸ்கேனர்ல எரர் கோடை அழிச்சுட்டு ஓட்டணும். பி0303ன்னு வந்தா காயில்தான் போச்சு. பழைய பி0302வே வந்தா காயில் நல்லாருக்கு, அடுத்து பிளக்கை அதே மாதிரி இடம் மாத்திப் பாக்கணும். வீட்டு வாசல்லயே செஞ்சேன். பி0303 வந்துச்சு. ஒரே ஒரு காயில்! மத்த மூணும் எதுக்குய்யா?

பிளக் தேயுற சாமான், தேய்ஞ்சிருந்தா செட்டா மாத்துறதுல நியாயம் இருக்கு. காயில் அப்படியில்ல. அதைவிட, பிளக் குழியில ஆயில் தேங்கியிருக்கான்னு எட்டிப் பாக்கக்கூட ஆளில்ல. இருந்தா சீல் கசியுதுன்னு அர்த்தம். அதை விட்டுட்டுப் புதுக் காயில் போட்டா அதுவும் அந்த ஆயில்லதான் ஊறும். கொஞ்ச நாள்ல திரும்ப மிஸ்ஸிங், திரும்ப பில்லு.

இன்னொண்ணு கேட்டுதான் எனக்குக் கோபம் தலைக்கேறுச்சு. செக் இன்ஜின் லைட் விட்டு விட்டு மின்னுதுன்னு சொன்னா, "பரவால்ல சார், ஓட்டுங்க, அடுத்த வாரம் கொண்டு வாங்க"ங்கறாங்க. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள்ள போய் எரிஞ்சு, அந்தச் சூட்டுல உள்ள இருக்கிறதையே உருக்கிடும். அதுக்கான எச்சரிக்கைதான் அந்த மின்னல். வேகத்தைக் குறைச்சு ஓரமா நிறுத்துங்கன்னு சொல்ல வேண்டியவங்களே ஓட்டச் சொன்னா, கன்வெர்ட்டர் போனதுக்கு அப்புறம் அந்தச் செலவை அவங்களா ஏத்துக்கப் போறாங்க?