அந்தக் கோச்சை அன்று அனுப்பாமல் விட்டது சரிதான்

2020 நவம்பர் 28, சனிக்கிழமை. தாங்க்ஸ்கிவிங் முடிந்து இரண்டாம் நாள். மீதமிருந்த பிரியாணியைச் சூடுபண்ணி எடுத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். கொரோனா காலம். மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பரில் ஒரு லட்சத்து ஏழாயிரம் பேர் உட்காரும் ஸ்டேடியத்தில் ரசிகர்களுக்கு அனுமதி இல்லை. மகள் அப்போது மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு. வகுப்பெல்லாம் ஆன்லைனில் என்பதால் வீட்டில்தான் இருந்தாள். அன்று எதிரணி பென் ஸ்டேட் பல்கலைக்கழகம். அந்த சீசனில் ஆடிய ஐந்திலும் தோற்றுவிட்டு வந்த அணி. அவர்களிடமும் மிச்சிகன் 27-17 என்று தோற்றது.

நான் ரிமோட்டை வைத்துவிட்டு, "இந்தக் கோச் ஹார்பாவை நாளைக்கே வீட்டுக்கு அனுப்பணும்" என்றேன். மகள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அவரை அனுப்பிட்டா பசங்களும் போயிடுவாங்கப்பா. அப்புறம் யாரை வச்சு ஆடுவாங்க?" என்றாள். அன்று அவள் சொன்னது எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. இத்தனை வருடம் கழித்து இந்தப் பதிவை எழுதுவதே அவள் சொன்னது சரி என்று சொல்லத்தான்.

இந்த ஆட்டத்தைப் பார்த்தறியாத நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே ஃபுட்பால் என்றால் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற அமெரிக்க ஆட்டம். கல்லூரி அணிக்கு ஒரு சீசனில் வழக்கமாகப் பன்னிரண்டே ஆட்டங்கள், ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி நவம்பர் கடைசிக்குள் முடிந்துவிடும். இரண்டு தோற்றால் கோப்பைக் கனவு ஆட்டம் காணும். ஆடுகிறவர்கள் பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள். கோச்சுக்குச் சம்பளம் வருடத்துக்குப் பல மில்லியன் டாலர். தோற்றால் ஊரே கோச்சைப் பார்த்துத்தான் விரலை நீட்டும். நானும் நீட்டினேன்.

ஜிம் ஹார்பா வெளியாள் இல்லை. எண்பதுகளில் இதே அணிக்கு க்வார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர். 1986இல் ஓஹியோ ஸ்டேட்டை ஜெயிப்போம் என்று ஆட்டத்துக்கு முன்பே அடித்துச் சொல்லி, 26-24 என்று ஜெயித்தும் காட்டியவர். பிறகு சான் பிரான்சிஸ்கோவின் தொழில்முறை அணியை சூப்பர் பவுல் என்கிற இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனார். 2014 டிசம்பர் கடைசியில் அவர் கோச்சாகத் திரும்பி வந்தபோது மீட்பர் வந்த மாதிரி ஊர் கொண்டாடியது. 2015, 2016, 2018 மூன்று சீசன்களிலும் பத்துப் பத்து வெற்றிகள். குறை என்றால் ஒன்றே ஒன்று. ஓஹியோ ஸ்டேட்டை அவரால் ஜெயிக்க முடியவில்லை. ஐந்து முறை ஆடி ஐந்திலும் தோல்வி. 2018இல் நாட்டின் மிகச் சிறந்த டிஃபென்ஸ்களில் (எதிரணியைத் தடுக்கும் பிரிவு) ஒன்றை வைத்துக்கொண்டு போய் 62-39 என்று அடி வாங்கி வந்தார்கள். அதற்கடுத்த வருடம் 56-27.

இந்த இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் நடுவில் உள்ள பகை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் புரியாது. ஆட்ட வாரத்தில் ஓஹியோ ஸ்டேட் வளாகத்தில் எந்தப் பெயர்ப் பலகையில் 'எம்' என்ற எழுத்து இருந்தாலும் அதன் மேல் சிவப்பில் குறுக்குக் கோடு போட்டுவிடுவார்கள். கட்டிடத்தின் பெயர், தெருவின் பெயர் எதுவும் தப்பாது. அப்படிப்பட்டவர்களிடம் எட்டு ஆட்டங்கள் வரிசையாகத் தோற்றிருந்தது மிச்சிகன். அதற்கு மேல் 2020இல் 2 வெற்றி, 4 தோல்வி. மீதி ஆட்டங்கள் கொரோனாவால் ரத்து. அதில் ஓஹியோ ஸ்டேட்டுடன் ஆட வேண்டியதும் ஒன்று. பயந்து ஒதுங்கிவிட்டார்கள் என்றுகூடப் பேசினார்கள். எனக்குத் தெரிந்த பழைய மாணவர்கள் அந்தக் குளிர்காலத்தில் அணி லோகோ போட்ட தொப்பியைப் போடவே கூச்சப்பட்டார்கள்.

2021 ஜனவரியில் பல்கலைக்கழகம் என்ன செய்தது? ஹார்பாவை அனுப்பவில்லை. 2025 வரை ஒப்பந்தத்தை நீட்டித்து, சம்பளத்தைப் பாதியாக்கியது. எட்டு மில்லியனை ஒட்டி வாங்கிக்கொண்டிருந்தவருக்கு இனி நான்கு மில்லியன். மிச்சத்தை ஜெயித்தால் போனஸாக வாங்கிக்கொள்ளலாம். மிச்சிகன் ஆடுகிற பிக் டென் என்ற பல்கலைக்கழகக் கூட்டமைப்பில் தன் பிரிவை ஜெயித்தால் 5 லட்சம் டாலர், பிக் டென் கோப்பையையே ஜெயித்தால் 10 லட்சம். அவரும் கையெழுத்துப் போட்டார். பெரிய பெயர் உள்ள ஒருவர் ஊர் பார்க்கப் பாதிச் சம்பளத்துக்குச் சம்மதிப்பது லேசான காரியம் இல்லை. எனக்கு அவர் மேல் இருந்த கோபம் முதலில் தணிந்தது அந்தச் செய்தியைப் படித்தபோதுதான்.

அப்புறம் அடியிலிருந்து வேலை நடந்தது. டிஃபென்ஸைப் பார்த்துக்கொண்டிருந்த மூத்த கோச் போனார். அந்த இடத்துக்கு பால்டிமோர் ரேவன்ஸ் என்ற தொழில்முறை அணியிலிருந்து மைக் மெக்டொனால்ட் வந்தார். வயது 33. மிச்சிகனின் பழைய நட்சத்திரம் மைக் ஹார்ட், பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் பையன்களைப் பழக்க வந்தார். பயிற்சியிலேயே ஓஹியோவை ஜெயிப்பதற்கென்று தனியாக ஒரு பகுதி ஒதுக்கினார்கள். நேருக்கு நேர் மோதி, தள்ளி, வழி உண்டாக்கி ஓடுகிற பயிற்சி. ஜூலையில் பத்திரிகையாளர்கள் முன்னால் ஹார்பா, ஓஹியோவை ஜெயிப்போம், இல்லை அந்த முயற்சியிலேயே செத்துப்போவோம் என்றார். பலரும் சிரித்தார்கள். சீசன் தொடங்கும் முன் வந்த நாட்டின் முதல் 25 அணிகள் பட்டியலில் மிச்சிகன் பெயரே இல்லை.

கோச்சுக்கு இணையாக நான் மதிப்பது அங்கேயே நின்ற பையன்களை. எய்டன் ஹட்சின்சன் 2020இல் மூன்றாவது ஆட்டத்திலேயே கால் எலும்பு முறிந்து வெளியேறினார். அவர் நினைத்திருந்தால் தொழில்முறை அணிக்குப் போயிருக்கலாம். போகவில்லை. அவருடைய அப்பாவும் இதே அணிக்கு ஆடியவர். இந்தத் தோல்விகளை முடிக்காமல் கிளம்பக் கூடாது என்று இன்னும் ஒரு வருடம் இருந்தார். 1969இல் கோச்சாக வந்த போ ஷெம்பெக்லர், நிலைத்து நிற்பவர்கள் சாம்பியன் ஆவார்கள் என்று எழுதிப் போட்டார். ஆன் ஆர்பரில் இன்றைக்கும் டீ-ஷர்ட்டில் அது இருக்கும். நானும் ஒன்று வைத்திருக்கிறேன். அந்த வாசகத்துக்கு உண்மையில் என்ன அர்த்தம் என்று எனக்குப் புரிந்தது அந்தப் பையனைப் பார்த்துத்தான்.

2021 சீசன் நன்றாகவே தொடங்கியது. வரிசையாக ஏழு வெற்றி. மேடிசனில் போய் விஸ்கான்சினை 38-17 என்று அடித்தார்கள். 2001க்குப் பிறகு அங்கே கிடைத்த முதல் வெற்றி அது. அக்டோபர் 30, எதிரணி இதே மாநிலத்தின் இன்னொரு பல்கலைக்கழகமான மிச்சிகன் ஸ்டேட். 30-14 என்று முன்னால் இருந்தார்கள். அங்கிருந்து கோட்டைவிட்டு 37-33 என்று தோற்றார்கள். அவர்கள் பக்கம் கென்னத் வாக்கர் என்ற ஒரே பையன் பந்தோடு எல்லைக் கோட்டைத் தாண்டி ஐந்து டச் டவுன். என்னுடைய வாட்ஸ்அப் குழுக்கள் பற்றி எரிந்தன. பழைய கதைதான், இந்த ஆளால் பெரிய ஆட்டம் எதையும் ஜெயிக்க முடியாது, உடனே மாற்றுங்கள். ஒரு வருடம் முன்பு நான் சொன்ன அதே வார்த்தைகள். இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை. பையன்கள் ஆடிய விதம் எனக்குத் தெரிந்திருந்தது. அது 2020இல் கையைக் கட்டிக்கொண்டு தோற்ற அணி இல்லை.

நவம்பர் 27. மகளின் தோழி ஊருக்குப் போய்விட்டதால் ஒரு டிக்கெட் மிஞ்சியது. மாணவர் டிக்கெட்டைப் பொது டிக்கெட்டாக மாற்றக் கூடுதல் பணம் கட்டி என்னையும் கூட்டிப்போனாள். உறைய வைக்கிற குளிர். இரண்டு ஜோடி சாக்ஸ், உள்ளே தெர்மல், மேலே மஞ்சள் ரெயின்கோட். பனி இறங்கிக்கொண்டே இருந்தது. மாணவர் பகுதியில் யாரும் உட்காரமாட்டார்கள், அலுமினிய பெஞ்சின் மேல் ஏறி நிற்பார்கள். ஐம்பது வயதில் நானும் ஏறி நின்றேன். வழுக்கியபோது முன்பின் தெரியாத ஒரு பையன் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான், ஆட்டம் முடியும்வரை விடவில்லை.

பாதி ஆட்டத்தில் 14-13. ஒரே ஒரு புள்ளி முன்னால். இரண்டாம் பாதியில் மிச்சிகன் செய்தது மிக எளிமையானது. பந்தை ஹசன் ஹாஸ்கின்ஸ் கையில் கொடு, முன்னால் இருக்கிற ஐந்து பேரும் வழி செய்யட்டும். அவ்வளவுதான். திரும்பத் திரும்ப அதையே செய்தார்கள். ஓஹியோ ஸ்டேட்டுக்கு அதுதான் வரப்போகிறது என்று தெரியும். ஸ்டேடியத்தில் இருந்த லட்சம் பேருக்கும் தெரியும். தெரிந்தும் தடுக்க முடியவில்லை. மிச்சிகனின் ஆறு டச் டவுனும் ஓடியே எடுத்தவை, அதில் ஐந்து ஹாஸ்கின்ஸ். ஹட்சின்சன் எதிரணி க்வார்ட்டர்பேக்கை மூன்று முறை பந்தோடு சாய்த்தார். 42-27. ஐந்தாவது டச் டவுன் விழுந்தபோது மகள் என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். கீழே பிள்ளைகள் தடுப்பைத் தாண்டிக் குதித்து மைதானத்துக்குள் ஓடினார்கள். வெள்ளையாக இருந்த தரை கொஞ்ச நேரத்தில் மனிதத் தலைகளாக மாறியது.

மூன்று நாளில் அந்தச் சந்தோஷத்தின் மேல் ஒரு துக்கம் விழுந்தது. நவம்பர் 30 அன்று இதே மாநிலத்தில் ஆக்ஸ்போர்டு உயர்நிலைப் பள்ளியில் துப்பாக்கிச் சூடு. நான்கு பிள்ளைகள் இறந்தார்கள். அதில் ஒரு பையன் பள்ளி ஃபுட்பால் அணியில் 42ஆம் எண் சட்டை போட்டவன். டிசம்பர் 4, இண்டியானாபோலிஸில் பிக் டென் இறுதி ஆட்டத்துக்கு மிச்சிகன் பையன்கள் அந்த எண்ணையும் நான்கு இதயங்களையும் சட்டையில் தைத்துக்கொண்டு வந்தார்கள். அயோவாவை 42-3 என்று ஜெயித்தார்கள். கடைசியில் ஸ்கோர்போர்டில் அந்த 42 நின்றதைப் பார்த்து எங்கள் வீட்டில் யாருக்கும் பேச்சு வரவில்லை. 2004க்குப் பிறகு முதல் பிக் டென் பட்டம். ஹார்பா தன் போனஸை, கொரோனா காலத்தில் சம்பளம் வெட்டப்பட்ட விளையாட்டுத் துறை ஊழியர்களுக்குக் கொடுப்பதாகச் சொன்னார். தேசிய அரையிறுதியில் ஜார்ஜியாவிடம் 34-11 என்று தோற்றது உண்மைதான். ஆனால் 2-4இல் இருந்து 12-2க்கு வந்திருந்தார்கள். அடுத்த இரண்டாவது வருடம் 15-0, தேசியப் பட்டம்.

எதிரணி கோச்சுகள் ஆட்டத்தில் காட்டும் சைகைகளைத் திருட்டுத்தனமாக ஆள் அனுப்பிப் படம்பிடித்த விவகாரத்தைச் சொல்லாமல் நான் நகர முடியாது. அது 2021லேயே தொடங்கிவிட்டது என்று விசாரணையில் சொன்னார்கள். ஹார்பா 2023இல் தடைக்கு ஆளானார், பிறகு தொழில்முறை அணிக்குப் போய்விட்டார். அந்தக் கறையை நான் மறைக்கவோ நியாயப்படுத்தவோ மாட்டேன். அந்தப் பிள்ளைகளின் உழைப்பின் மேலும் அது படிந்துவிட்டதே என்பதுதான் என் வருத்தம். ஆனால் 2021 ஜனவரியில் அவரை வைத்துக்கொண்டது சரியா என்பது வேறு கேள்வி. அதற்கு என் பதில் மாறவில்லை.

அப்படியானால் எந்தக் கோச்சையும் அனுப்பவே கூடாதா என்று கேட்பீர்கள். இல்லை. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். அவர்களும் இதே மருந்தைத்தான் குடித்தார்கள். 2021 நவம்பரில் கோச் ஸ்காட் ஃப்ராஸ்டின் சம்பளத்தைக் குறைத்து, உதவி கோச்சுகளை மாற்றி, இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார்கள். அவரும் அதே அணிக்கு ஆடிய மண்ணின் மைந்தர்தான். 2022இல் மூன்று ஆட்டம் முடிந்ததுமே அவரை அனுப்ப வேண்டியதாயிற்று. அங்கே ஃப்ராஸ்ட் ஒரு சீசனில்கூடப் பாதிக்கு மேல் ஜெயித்ததில்லை, மொத்தம் 16 வெற்றி, 31 தோல்வி. வீடே கட்டாமல் கூரையை மாற்றி என்ன பயன்? மிச்சிகனில் வீடு இருந்தது. ஒரு புயலில் ஓடு பறந்தது. அதைப் பார்க்கத் தெரிந்தவர்கள் அன்று முடிவெடுக்கும் இடத்தில் இருந்தார்கள்.

பென் ஸ்டேட்டில் 2025இல் அந்தப் பொறுமை இல்லை. ஜேம்ஸ் ஃப்ராங்க்ளின் 2014இலிருந்து அங்கே கோச், நூறு வெற்றிக்கு மேல். முந்தைய சீசனில் தேசிய அரையிறுதி வரை போனவர். நாட்டில் இரண்டாம் இடம் என்ற கணிப்போடு சீசனைத் தொடங்கி, வரிசையாக மூன்று ஆட்டம் தோற்றார். அதில் ஒன்று அதுவரை ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காத யுசிஎல்ஏவிடம். மூன்றாவது தோல்விக்கு மறுநாளே அனுப்பிவிட்டார்கள். பெரிய ஆட்டங்களில் அவர் தடுமாறுவார் என்பது எனக்கும் தெரியும், அந்த ரசிகர்களின் ஆத்திரமும் புரிகிறது. ஆனாலும் அது அவசரம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் 2023இல் கோச் ஜிம்போ ஃபிஷரை அனுப்ப ஒப்புக்கொண்டது 7.5 கோடி டாலருக்கு மேல். வேலை பார்க்காமல் இருப்பதற்குக் கொடுக்கிற பணம் அது. பிள்ளைகள் படிப்புக்கு லட்சக்கணக்கில் கடன் வாங்குகிற நாட்டில் ஒரு பல்கலைக்கழகம் இப்படிச் செலவழிப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

பென் ஸ்டேட்டில் படித்த என் நண்பர் ஃப்ராங்க்ளின் போன அன்று சந்தோஷமாகப் போன் செய்தார். டிசம்பரில் மறுபடி பேசினோம். புது மாணவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிற முதல் நாளில் அவர்கள் அணிக்குப் போட்டவர்கள் இரண்டே பேர். ஃப்ராங்க்ளின் வர்ஜீனியா டெக்குக்குப் போனார், வரவேண்டிய பையன்கள் பலரும் அவர் பின்னாலேயே போய்விட்டார்கள். நண்பர் குரலில் உற்சாகமே இல்லை. போனை வைத்ததும் மகளுக்கு மெசேஜ் அனுப்பினேன், "நீ அன்னிக்குச் சொன்னது இங்கே நடந்திருக்கும்மா" என்று. அவள் இப்போது சிகாகோவில் வேலையில் இருக்கிறாள். மிச்சிகனின் நிறங்களில் ஒரு மஞ்சள் இதயமும் ஒரு நீல இதயமும் பதிலாக வந்தன.