பஸ் இருக்கு, ஆனா யாருக்கும் சொல்ல மாட்டோம்!

எங்கள் மாவட்டத்தில் பஸ் இல்லை என்று யாராவது சொன்னால் நானே சண்டைக்குப் போவேன். குமரி மாவட்டத்தில் பஸ் எட்டிப் பார்க்காத ஊரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கடற்கரை ஊர்களுக்கு உண்டு, ரப்பர் தோட்டத்து மலையடிவாரங்களுக்கு உண்டு, பஸ் போகாத உள்ரோட்டில் மினி பஸ் வளைந்து நெளிந்து ஓடும். என் ஆத்திரம் அதனால்தான் இரட்டிப்பாகிறது. இவ்வளவு வண்டி ஓடுகிற இடத்தில், எந்த வண்டி எந்த வழியாகப் போகும், எத்தனை மணிக்கு வரும், கடைசி வண்டி எப்போது என்பதை ரோட்டோரத்து நிறுத்தம் ஒன்றிலாவது எழுதி வைத்திருக்கிறார்களா? நான் ஏறி இறங்கிய ஒரு நிறுத்தத்திலும் பார்த்ததில்லை. சில இடத்தில் நிறுத்தத்தின் பெயரே கிடையாது. நிழற்குடையைக் கட்டித் தந்தவரின் பெயர் மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கும்.

டிசம்பர் லீவுக்கு என்னோடு சிங்கப்பூரில் படிக்கிற தோழிகள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஒருத்தி வியட்நாம்காரி. இன்னொருத்தி பினாங்குத் தமிழ்ப் பெண், தமிழ்ப்பள்ளியில் படித்தவள், தமிழ் செய்தித்தாளை முழுசாக வாசித்துவிடுவாள். நான் சித்தி வீட்டுக் கல்யாண வேலையில் மாட்டிக்கொண்டதால், "நாங்களே போய்க்கிறோம், நீ வேலையைப் பாரு" என்று காலையிலேயே கிளம்பிவிட்டார்கள். பத்மநாபபுரம் அரண்மனை, அங்கிருந்து மாத்தூர் தொட்டிப்பாலம், சாயங்காலம் வீடு. எல்லாம் ஒரே பக்கம்தான். அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதைக்கூடப் பார்த்துவைத்துவிட்டுத்தான் போனார்கள்.

அவர்கள் அப்படித் துணிந்து கிளம்பியதற்குக் காரணம் உண்டு. சிங்கப்பூரில் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் அப்படித்தான் போகும். உலகத்தின் மிகப் பெரிய துறைமுகங்களில் ஒன்று அது. வந்த புதிதில் அங்கே எங்களுக்கு யாரையும் தெரியாது. ஒருநாள் 2-ஆம் எண் பஸ்ஸில் ஏறி சாங்கி வில்லேஜ் போனோம். அங்கிருந்து உபின் தீவுக்குப் படகு. பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் கிளம்பும், அது ஒன்றுதான் விதி. தீவில் சைக்கிள் எடுத்துச் சுற்றிவிட்டு, திரும்பும்போது கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் இறங்கினோம். நங்கூரமிட்ட கப்பல்கள் கண்ணுக்கு எட்டும்வரை வரிசையாக நின்றன, இருட்டியதும் ஒவ்வொன்றாக விளக்கு போட்டன. ஒன்பது மணி தாண்டியும் எங்களுக்குப் பதற்றமே இல்லை. பஸ் நிறுத்தத்துக் கம்பத்தில் அங்கே நிற்கும் பஸ்களின் எண்கள் இருந்தன. பக்கத்துப் பலகையில் ஒவ்வொரு எண்ணும் எந்தெந்தச் சாலை வழியாக எங்கே போகிறது என்று இருந்தது. முதல் பஸ், கடைசி பஸ் நேரம் இருந்தது, அதிலும் வார நாளுக்குத் தனி, சனிக்குத் தனி, ஞாயிறுக்குத் தனி. நிறுத்தத்துக்கே ஐந்து இலக்கத்தில் ஓர் எண். அன்று பஸ்ஸுக்காக நாங்கள் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை.

அந்த நம்பிக்கையில்தான் இங்கேயும் கிளம்பினார்கள். அரண்மனையைப் பார்த்து முடிக்கும்வரை ஒரு குறையும் இல்லை. அந்த மரவேலைப்பாட்டையும் கண்ணாடி மாதிரி மின்னும் கறுப்புத் தரையையும் பார்த்துவிட்டு வியட்நாம்காரி எனக்குப் படமாக அனுப்பித் தள்ளினாள். அப்புறம் தொட்டிப்பாலத்துக்குப் பக்கத்து ஊரான திருவட்டாறுக்குப் பஸ் பிடிக்கத் தக்கலையில் வந்து நின்றார்கள். அங்கிருந்து ஆரம்பித்தது.

பஸ் வருகிறது. நெற்றியில் "நாகர்கோவில் - திருவட்டாறு" என்று இருக்கிறது. சரி, அது திருவட்டாறுக்குப் போகிறதா, திருவட்டாறிலிருந்து வருகிறதா? எந்தப் பக்கம் நின்றால் எந்த ஊர் என்பது இங்கே பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியும். பினாங்கிலிருந்து வந்தவளுக்கு எப்படித் தெரியும்? அவள் தமிழைப் பிழையில்லாமல் வாசித்தாள், ஒரு பிரயோஜனமும் இல்லை. வண்டி நிற்பதோ ஒரு நிமிடம்கூட இல்லை. டிரைவரிடம் ஓடினால் அவர் பின்பக்கம் கை காட்டுகிறார். பின்பக்கம் ஓடினால் கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டே, "இது நாகர்கோவில் போற வண்டி. அந்த வண்டி இப்பம்தான் போச்சு" என்கிறார். அடுத்தது எப்போது? "வரும்."

வரும்! இந்த ஒரு சொல்லைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. சின்ன வயதிலிருந்து இதையே கேட்கிறேன். எத்தனை மணிக்கு என்று கேட்டால் கேட்டவளை ஏற இறங்கப் பார்க்கிறார்கள்.

கடைசியில் வயதான ஒரு பாட்டா, "எங்க மக்ளே போணும்?" என்று கேட்டு, தன்னுடைய பஸ்ஸை விட்டுவிட்டுக் கூடவே நின்று, சரியான வண்டியில் ஏற்றி, "இந்தப் பிள்ளைகளத் திருவட்டாறுல எறக்கி விட்டிரும்" என்று கண்டக்டரிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் நன்றாக இருக்கட்டும். எங்கள் ஊர் மனிதர்கள் அப்படித்தான். ஆனால் 115 அடி உயரத்தில், பறளியாற்றுக்கு மேலே, ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குத் தண்ணீர் கொண்டுபோகும் அந்தத் தொட்டிப்பாலத்தை 1966-லேயே கட்டி முடித்த ஊர் இது. அந்தப் பாலத்துக்குப் போகிற பஸ் எது என்று சொல்ல இன்றைக்கும் ஒரு பாட்டாதான் வரவேண்டுமா?

இதை வீட்டில் சொன்னால் மாமா சொல்கிறார், "கேட்டா சொல்லுவாவல்லா, இதுக்குப் போய் ஏன் பிள்ள குதிக்க?"

மாமா, உங்களுக்குக் கேட்பது சுலபம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டீக்கடையில் கேட்பீர்கள். சாயங்காலம் ஏழு மணிக்குத் தனியாக நிற்கிற ஒரு பெண், "அண்ணே, இந்த ஊருக்கு எந்த பஸ்?" என்று கேட்டால் என்ன நடக்கும் தெரியுமா? அவள் எங்கே போகிறாள் என்பது அங்கே நிற்கிற அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். பதில் சொல்கிறவன் ஒருவன். "நானும் அங்கதான் போறேன்" என்று பக்கத்தில் வந்து நிற்கிறவன் இன்னொருவன். ஒரு பலகை இருந்தால் வாசித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்பேன். நான் எங்கே போகிறேன் என்பது என்னோடு இருக்கும். இது சின்ன விஷயம் இல்லை. பஸ் ஸ்டாண்டில் நின்று வீடு திரும்புகிற பெண்களிடம் கேட்டுப் பாருங்கள்.

காது கேட்காதவர் என்ன செய்வார்? கட்டட வேலைக்கு வந்திருக்கிற ஒடிசாப் பையன் எந்த மொழியில் கேட்பான்? மலையோரத்திலிருந்து ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பிளாஸ்டிக் பையில் சுருட்டிக்கொண்டு வருகிற அம்மா, இரண்டு வண்டி மாறி வரவேண்டும். அடுத்த வண்டி பத்து நிமிடத்திலா ஒன்றரை மணி நேரத்திலா என்று தெரிந்தால் அவள் உட்கார்ந்து ஒரு டீயாவது குடிப்பாள். தெரியாததால் வெயிலில் நின்றபடி ரோட்டையே பார்க்கிறாள். அவளுடைய நேரத்துக்கு ஒரு மதிப்பும் இல்லையா?

மறுநாள் நானும் கூடப் போனேன், முட்டத்துக்கு. பாறை மேல் உட்கார்ந்து சூரியன் மறைவதைப் பார்க்க வேண்டும், அதற்காகவே போனது. திரும்ப பஸ் எப்போது என்று கடையில் கேட்டேன். "ஏழு, ஏழேகால் வாக்கில ஒண்ணு உண்டு. சில நாள் வராது" என்றார் கடைக்காரர். சில நாள் வராது! அந்தச் "சில நாள்" இன்றைக்காக இருந்தால்? இரண்டு விருந்தாளிப் பெண்களோடு இருட்டில் எங்கே போய் நிற்பேன்? ஆறு மணிக்கு முன்னாலேயே, சூரியன் கடலைத் தொடுவதற்குள், எழுந்து வந்துவிட்டோம். பஸ் ஜன்னல் வழியே தென்னைகளுக்கு நடுவில் வானம் சிவப்பதைப் பார்த்துக்கொண்டே வந்தாள் வியட்நாம்காரி. ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. அந்த ஏழேகால் பஸ் அன்றைக்கு வந்ததா இல்லையா என்பது இந்த நிமிடம் வரை எனக்குத் தெரியாது.

அதே முட்டத்தில் ஒரு கலங்கரை விளக்கம் நிற்கிறது. ஒவ்வொரு கலங்கரை விளக்கத்துக்கும் ஒளிவிடுவதில் தனித் தாளம் உண்டு. நடுக்கடலில் போகிற கப்பல் அந்தத் தாளத்தை எண்ணிப் பார்த்துத் தான் எந்தக் கரைக்கு நேராக இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ளும். எங்கிருந்தோ வந்து எங்கேயோ போகிற கப்பலுக்கு, யாரையும் கேட்காமல் வழி தெரியும்படி செய்து வைத்திருக்கிறோம். அதன் காலடியில் பஸ்ஸுக்கு நிற்கிற மனுஷிக்கு ஒரு தகரப் பலகை இல்லை.

காசு இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 77 மீட்டர் நீளத்துக்குக் கண்ணாடிப் பாலம் போட்டு 2024 டிசம்பர் 30-இல் திறந்தார்கள். செலவு 37 கோடி ரூபாய். நல்ல பாலம், நானும் நடந்தேன், பெருமையாகத்தான் இருந்தது. அதைப் பார்க்க வருகிற கூட்டத்தில் கார் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் மாவட்டமா? "சிங்கப்பூர் பணக்கார நாடு" என்பதும் வேண்டாம். எங்கள் மாவட்டத்தின் பரப்பில் பாதிகூட இல்லாத நாடு அது. அங்கே இருக்கிற மெட்ரோ ரயிலை நான் கேட்கவில்லை. நான் கேட்பது பெயிண்டும் தகரமும்.

"பலகை வச்சா போஸ்டர் ஒட்டிருவாங்க" என்பது இன்னொரு சாக்கு. ஒட்டினால் கிழித்துவிட்டு ஒட்டியவன்மேல் வழக்குப் போடுங்கள். "நேரம் அடிக்கடி மாறும்" என்பது அதற்கடுத்த சாக்கு. மாறினால் மாற்றி எழுதுங்கள். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ் எது என்று தூரத்திலேயே தெரிய வேண்டும் என்று நினைத்தபோது முன்னும் பின்னும் இளஞ்சிவப்பு அடித்தார்களே, யாரையும் கேட்காமல் எங்கள் ஆச்சிகூட அதைப் பார்த்து ஏறுகிறாளே. மனசு வைத்தால் நடக்கிறதுதானே?

இதற்காகப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. எந்த வண்டி எத்தனை மணிக்கு எங்கிருந்து எடுக்க வேண்டும் என்பது டெப்போவில் இருக்கிறது, கண்டக்டருக்குத் தெரியும், டைம் கீப்பர் தன் கூண்டுக்குள் வைத்திருக்கும் நோட்டில் வரிசையாக இருக்கிறது. கம்பிக்கு இந்தப் பக்கம் நிற்கிற எங்களுக்கு மட்டும்தான் தெரியாது. அந்த நோட்டின் ஒரு நகலை எடுத்து, போகிற ஊரை முதலிலும் வழியை அடியிலும் கடைசி வண்டியைச் சிவப்பிலும் எழுதி, கம்பிக்கு இந்தப் பக்கம் ஒட்டுங்கள். முதலில் முட்டத்தில் ஒட்டுங்கள்.