மாமாவின் பச்சை அட்டை இதழ்கள்

பிரித்தானிய மோட்டார் பந்தய எழுத்தாளர் டெனிஸ் ஜென்கின்சனின் பெயரை நான் முதலில் கேட்டது கிளிநொச்சியில், மாமாவின் கராச்சில். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலம். ஜாம் போத்தல் விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, யாரோ விட்டுச்சென்ற பழைய ‘மோட்டார் ஸ்போர்ட்’ இதழ்களை மாமா வாசித்து எனக்குத் தமிழில் சொல்லுவார். பச்சை அட்டை முழுக்க ஒயில் விரல் அடையாளம். தாள் கிழிந்தால் சோற்றுப் பருக்கையால் ஒட்டுவார்.

ஒரே கட்டுரையை எத்தனை இரவு கேட்டிருப்பேன்! 1955 மே 1, இத்தாலியின் மில்லே மிலியா பந்தயம். பிரேசியாவிலிருந்து ரோம் போய்த் திரும்ப வேண்டும். 1,597 கிலோமீற்றர், எங்கள் கண்டி–யாழ்ப்பாணம் ஏ9 வீதியைப்போல ஏறத்தாழ ஐந்து மடங்கு. மெர்சிடிஸை ஓட்டியவர் ஸ்டெர்லிங் மொஸ். பக்கத்தில் இருந்த தாடிக்காரர்தான் அந்தக் கட்டுரையை எழுதிய ஜென்கின்சன். வழியின் ஆபத்தான வளைவுகளையெல்லாம் 18 அடி நீளக் கடதாசியில் எழுதி, சிறு பெட்டிக்குள் சுருட்டி வைத்திருந்தார். இரைச்சலில் பேச்சுக் கேட்காது என்பதால், அதைப் பார்த்துப் பார்த்துக் கையால் சைகை காட்டினார். 10 மணி 7 நிமிடம் 48 செக்கனில் வென்றார்கள்.

வழியில் ஜென்கின்சனுக்குச் சத்தி வந்தது; வெளியே தலையை நீட்டியபோது மூக்குக் கண்ணாடியும் காற்றோடு போய்விட்டது. அதையும் எழுதியிருந்தார். அந்த இடத்தில் மாமா வாசிப்பை நிறுத்துவார். “பார் தம்பி, சத்தி எடுத்ததையே மறைக்கவில்லை. இவர் சொல்லும் மற்றதையும் நம்பலாம்.”

2002இல் போர்நிறுத்தத்தோடு ஏ9 பாதை திறந்தபின், லண்டன் உறவினர் ஒருவர் ‘கார்’ இதழின் பழைய பிரதிகள் சில கொண்டுவந்தார். அதில்தான் எல்.ஜே.கே. செட்ரைட்டைக் கண்டேன். சட்டம் படித்தவர், ஆனால் இயந்திரத்தின் உள்ளுறுப்புகளைப் பற்றி இசையையும் இலத்தீனையும் கலந்து எழுதுவார். பாதி எனக்கு விளங்கவில்லை. விளங்காத பாதிக்காகவே திரும்பத் திரும்ப வாசித்தேன். இன்று வரும் வாகன விமர்சனங்களில் விற்பனைத் துண்டுப்பிரசுரத்தின் வாடை அடிக்கிறது. ஜென்கின்சன், செட்ரைட் எழுத்தில் ஒயில் மணந்தது.

இதை வாசிக்கிற வன்னி உறவுகளிடம் ஒன்று கேட்கிறேன். எங்கள் கராச்சுகளைப் பற்றி யார் எழுதினார்கள்? பெற்றோல் இல்லாத ஊரில் மோரிஸ் மைனரை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால் மாமா கார்புரேட்டருக்குள் சொட்டுச் சொட்டாகப் பெற்றோல் விட்டு உயிர்ப்பிப்பார், சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். இயந்திரம் தட்டினால், காதைச் சாய்த்துக் கேட்டபடியே, தீப்பொறி விழும் நேரத்தை மாற்ற டிஸ்ட்ரிபியூட்டரை மயிரிழை திருப்புவார். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி ஒயிலை நீர்க்கச் செய்துவிடும் என்பதால், ஒயில் அளவுக்கம்பியை இழுத்து விரலிடையில் தேய்த்து மணந்து பார்ப்பார். ஜென்கின்சன் அந்தக் கராச்சில் ஒரு நாள் நின்றிருந்தால் பத்துப் பக்கம் எழுதியிருப்பார். எங்களில் ஒருவரும் ஒரு பக்கம்கூட எழுதவில்லை. எனக்கு இது தீராத மனத்தாங்கல்.

2009 இடப்பெயர்வில் அந்த இதழ்க் கட்டு போனது. மாமாவும் இப்போது இல்லை. அவரிடம் தொழில் பழகிய அண்ணர் ஒருவர் மல்லாவியில் இருக்கிறார். நேற்றுத் தொலைபேசியில் பேசினேன். ஞாயிறு காலையில் கொப்பியோடு போகிறேன். “வெயில் ஏறமுன் வா, பின்னேரமானால் எனக்குப் பெயர்கள் நினைவுக்கு வருவதில்லை” என்றார்.