டைரக்டரியில் பெயர் இல்லாதவர்கள்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சான கெல்லி டைரக்டரியின் பக்கம் ஒன்றை இத்திரியில் பகிர்ந்த நண்பர், அதில் கொல்லர், சக்கரத் தச்சர், மதுக்கடைக்காரர், பண்ணையாளர் என இருபது பெயர்களுக்குள்ளாகவே இருப்பதால், அந்த இங்கிலாந்து பாரிஷில் (ஒரு தேவாலயத்தைச் சார்ந்த ஊர்ப்பகுதியில்) அப்போது பண்ணைக் கூலிகளே இல்லை என்று எழுதியுள்ளார். பக்கம் உண்மையானதுதான்; அதிலிருந்து எடுத்த முடிவுதான் பொருந்தவில்லை.

கெல்லி, வணிகத் தேவைக்கான முகவரி நூல். நிலக்கிழார், பாதிரியார், பண்ணை நடத்துவோர், கடை அல்லது பட்டறை வைத்திருப்போர் ஆகியோரையே அது பட்டியலிட்டது. கூலிக்கு ஏரோட்டியவரும், பெரிய வீட்டில் பாத்திரம் துலக்கிய பெண்ணும், கொல்லரிடம் துருத்தி ஊதிய பையனும் அதில் இடம்பெறுவது வழக்கமில்லை.

இதைச் சரிபார்க்க வெகுதூரம் போக வேண்டாம். அதே ஊர்ப் பதிவில், பெயர்ப் பட்டியலுக்கு மேலே மண்வகை, முக்கியப் பயிர்கள், பரப்பளவு ஆகியவற்றோடு மக்கள்தொகையும் பொடி எழுத்தில் இருக்கும். பெரும்பாலோர் கண்ணில் படாமல் போவது அந்த வரிதான். அந்த எண்ணைப் பெயர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டாலே இடைவெளி தெரியும். இன்னும் உறுதி வேண்டுவோர், லண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் 'ஆர்ஜி 14' தொகுப்பில், 1911 ஏப்ரல் 2-ஆம் தேதி மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் படிவங்களைப் பார்க்கலாம். முந்தைய கணக்கெடுப்புகளைப் போலன்றி, குடும்பங்களே நிரப்பித் தந்த தாள்கள் இதில் அப்படியே உள்ளன. 'பண்ணையில் குதிரைக்காரர்', 'பண்ணையில் மாட்டுக்காரர்' போன்ற தொழில்களை அவற்றில்தான் காணலாம்.