அவளுக்குக் கூடியது வாதை இல்லை

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நம்ம பகுதி வாட்ஸப் குழுக்களில் ஓடுகிற அந்த ஆடியோவை நீங்களும் கேட்டிருப்பீர்கள். பேசியவர் யார் என்பதும் தெரிந்திருக்கும். நான் பெயர் எழுதப் போவதில்லை, கமென்டில் நீங்களும் எழுத வேண்டாம். நான் அதைக் கேட்ட விதத்தை மட்டும் சொல்கிறேன்.

திங்கட்கிழமை மதியம் மார்த்தாண்டத்தில் என் கடைக்கு ஒரு பெரியவர் வந்தார். போன் டிஸ்ப்ளே உடைந்திருந்தது. ஆர்டர் போட்டு வரவழைக்க வேண்டும், சனிக்கிழமை வாருங்கள் என்று சொல்லி நம்பரை எழுதிக்கொண்டேன். அவர் கிளம்பாமல், உடைந்த கண்ணாடி மேல் விரலை வைத்து அந்த ஆடியோவை ஓடவிட்டார். "தக்கல பக்கம் ஒரு டீச்சர் பிள்ளைக்கு வாதை கூடி, அத ஒழுங்கா ஓதிக் கட்டாம ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயி, முதுகுல ஊசியக் குத்தித் தண்ணிய எடுத்துக் கொன்னுட்டானுவ." வாதை என்றால் எங்கள் ஊர்ப் பக்கம் பேய். அவருக்கு நான் யாரென்று தெரியாது. "கேட்டியளா தம்பி, என்ன கொடுமை" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்க்ரூ டிரைவரைத் தேடுகிற மாதிரி மேசைக்குக் கீழே குனிந்துகொண்டேன்.

அந்த டீச்சர் பிள்ளை என் மனைவி. 27 வயது.

அவளுக்குக் கூடியது வாதை இல்லை. நோய். அதற்குப் பெயர் இருக்கிறது: ஆன்ட்டி என்எம்டிஏ ரிசப்டார் என்செபாலிடிஸ். வாயில் நுழையாத பெயர்தான், ஆனால் நான் கற்றுக்கொண்டேன். நீங்களும் ஒரு தடவை எழுத்துக் கூட்டிப் படியுங்கள். கிருமியை எதிர்க்க வேண்டிய நம்ம உடம்பின் எதிர்ப்பு சக்தி, ஆள் மாறிப்போய் சொந்த மூளையையே தாக்குகிற நோய் இது. இளம் பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. அவர்களில் பலருக்குச் சூலகத்தில் டெரடோமா என்று ஒரு கட்டி இருக்கும். அந்தக் கட்டிக்குள் முடி இருக்கும், பல் இருக்கும், மூளையில் இருப்பது போன்ற நரம்புத் திசுவும் இருக்கும். உடம்பு அந்தத் திசுவை எதிர்க்கக் கிளம்பி, அதே மாதிரி இருக்கிற மூளை நரம்பையும் அடிக்கிறது. டால்மாவ் என்ற மருத்துவரும் அவரோடு இருந்தவர்களும் 2007-ல்தான் இந்த நோயைப் பிரித்து அடையாளம் கண்டு எழுதினார்கள். அந்த வருடம் என் மனைவி ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள்.

2023 ஆடி மாதம் முதலில் வந்தது சாதாரணக் காய்ச்சல். கூடவே தலைவலி. ஐந்து நாள் மாத்திரை. மண்டைக்காட்டம்மனுக்கு மண்டையப்பம் நேர்ந்துகொண்டோம், தலைவலி என்றால் எங்கள் வீட்டில் எப்போதும் செய்வதுதான். காய்ச்சல் விட்டது. அப்புறம் உறக்கம் போய்விட்டது. இரண்டு ராத்திரி அவள் கண் மூடவே இல்லை. மூன்றாம் நாள் அதிகாலையில் நான் எழுந்து பார்த்தபோது அடுக்களைத் தரையில் உட்கார்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். சரி, வேலை செய்கிறாள் என்று பக்கத்தில் போனால், ஒரே பக்கத்தில் சிவப்புப் பேனாவால் நன்று, நன்று, நன்று என்று எழுதி, எழுதின இடத்திலேயே திரும்ப எழுதி, தாள் கிழிந்து அடுத்த தாளிலும் மை இறங்கியிருந்தது. "இஞ்சேருங்க, இந்தப் பிள்ளைய நிறுத்தச் சொல்லுங்க" என்றாள். அங்கே எந்தப் பிள்ளையும் இல்லை.

அன்றைக்கே மாமி, அவள் அம்மா, இது வாதைதான் என்று முடிவு செய்துவிட்டார்கள். சாயங்காலம் புளியமரம் பக்கம் போனாளா, தலை ஈரமாக இருந்ததா, யார் வீட்டில் சாப்பிட்டாள் என்று கேள்விகள். கைவிஷம் என்று ஒருவர், ஏவல் என்று இன்னொருவர். 11 நாள். பதினொன்று. எலுமிச்சம்பழம், தகடு, பிரம்பு. ராத்திரி ஓடிவிடுவாள் என்று சேலையால் கட்டிலோடு கட்டினார்கள். மணிக்கட்டில் அந்தத் தடம் கடைசிவரை மறையவில்லை.

கட்டினார்கள் என்று எழுதிவிட்டேன். கட்டும்போது காலைப் பிடித்துக்கொண்டது நான்.

12-ம் நாள் வலிப்பு வந்தது. பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். மனநோய் என்று சொல்லி ஒரு வாரம் ஊசி போட்டார்கள். அவள் வாய் தானாக மெல்ல ஆரம்பித்தது. ஒன்றுமே வாயில் இல்லாமல், வெற்றிலை மெல்கிற மாதிரி. உதடு கோணும், நாக்கு வெளியே வரும். அதன் பிறகுதான் களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் கொண்டுபோனோம். அங்கே ஒரு டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பத்து நிமிடம் அவள் வாயையே பார்த்தார். பிறகு என்னிடம் ஒரே ஒரு கேள்வி: "ஆத்யம் பனி உண்டாயிருந்தோ?" பனி என்றால் அவர்களுக்குக் காய்ச்சல், நம்ம ஆட்களுக்குச் சொல்ல வேண்டாம். அந்த 25 நாளில் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்.

முதுகில் ஊசி போட்டதும் அவர்தான். இப்போது ஆடியோக்காரருக்கு வருகிறேன். அந்த ஊசியைக் குத்துவது கீழ்முதுகில், தண்டுவடம் முடிந்த பிறகு வருகிற இடத்தில். எடுத்தது மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருக்கிற நீரில் சில மில்லி. அந்த நீரை உடம்பு ஒரு நாளைக்குச் சுமார் அரை லிட்டர் தானே சுரக்கிறது. அந்தச் சில மில்லியில்தான் நோய் பிடிபட்டது. அது எடுத்திராவிட்டால் என் மனைவி இன்றைக்கும் பேய் பிடித்துச் செத்தவளாகவே இருந்திருப்பாள், நானும் அதையே நம்பிக்கொண்டு இருந்திருப்பேன். அந்த ஊசி அவளைக் கொல்லவில்லை. அந்த ஊசி வருவதற்கு 25 நாள் ஆனதுதான் கொன்றது.

"ஆஸ்பத்திரிக்குப் போயும் செத்துத்தானே போனாள்" என்பீர்கள். ஏற்கெனவே இரண்டு பேர் இன்பாக்ஸில் கேட்டுவிட்டார்கள். 2013-ல் லான்செட் நியூராலஜி என்ற மருத்துவ இதழில் இந்த நோய் வந்த 577 பேரைப் பற்றி ஒரு ஆய்வு வந்தது. இரண்டு வருடத்தில் ஐந்தில் நான்கு பேர் நன்றாகத் தேறியிருக்கிறார்கள். சிகிச்சையைச் சீக்கிரம் தொடங்கியவர்கள் இன்னும் நன்றாக. ஐந்தில் நான்கு பேர்! இதை நான் ராத்திரி ஒரு மணிக்கு ஐசியு வாசலில் தரையில் உட்கார்ந்து போனில் படித்தேன். கட்டியை எடுத்தார்கள், ஸ்டீராய்டு கொடுத்தார்கள், இம்யூனோகுளோபுலின் ஏற்றினார்கள், ரத்தத்திலிருந்து பிளாஸ்மாவை மாற்றினார்கள். அவள் நகை போனது, அப்பா வைத்திருந்த 8 சென்ட் ரப்பர் போனது, அதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. ஒரு நாள் என் சுண்டு விரலை அழுத்தினாள். நர்ஸ்கூடப் பார்த்தார். பிறகு நெஞ்சில் தொற்று. ஒரு நிமிடம் இதயம் தாறுமாறாக ஓடும், மறு நிமிடம் நின்றுவிடும்போல இறங்கும், இந்த நோயே அப்படியும் செய்யுமாம். 53-ம் நாள் போய்விட்டாள்.

சாமி நம்பிக்கையைப் புண்படுத்துகிறேன் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அம்மன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இந்த மாசிக் கொடைக்கும் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு மண்டைக்காடு போனேன். அம்மன் யாரையும் பிரம்பால் அடிக்கச் சொல்லவில்லை.

மந்திரவாதியிடம் போய்ச் சரியானவர்கள் இருக்கிறார்களே என்கிறவர்களிடம் பேச எனக்கு இப்போது தெம்பில்லை.

மனநோய் என்று சொன்ன டாக்டர்களும் தப்புத்தானே என்று கேட்பது நியாயம். ஆமாம், தப்பு. இந்த நோய் வந்தவர்களில் பலர் முதலில் போய் நிற்பது மனநல மருத்துவரிடம்தான், அவர்களுக்கும் இது எளிதில் பிடிபடுவதில்லை. ஆனால் அவர்கள் தெரியாமல் ஒரு வாரம் எடுத்தார்கள், அடுத்த இடத்துக்குக் கடிதம் எழுதியும் கொடுத்தார்கள். நாம் தெரிந்ததுபோல 11 நாள் எடுத்தோம். இன்னொன்று. அது வெறும் மனநோயாகவே இருந்திருந்தாலும் அவளைக் கட்டியிருக்கக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி மனநோயாளிகள் காப்பகம். சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த 28 பேர் தீயில் ஓட முடியாமல் செத்தார்கள். அப்போது எனக்குப் பத்து வயது. பேப்பரில் அந்தப் படத்தைப் பார்த்த ஞாபகம் இருக்கிறது. சங்கிலி போடக் கூடாது என்று 2017 மனநலச் சட்டத்தில் எழுதியே வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் சங்கிலி இல்லை, அவள் கல்யாணத்துக்கு மறுவீட்டுக்கு உடுத்த பச்சைச் சேலை.

பெர்லின் மிருகக்காட்சி சாலையில் க்னூட் என்று ஒரு பனிக்கரடி இருந்தது. 2011-ல் ஜனங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுற்றிச் சுற்றி வந்து தண்ணீரில் விழுந்து செத்தது. நான்கு வயது. 2015-ல் ஆராய்ந்து, இதே நோய்தான் என்று கண்டுபிடித்தார்கள். அந்தக் கரடிக்கு யார் கைவிஷம் கொடுத்தது? அது எந்தப் புளியமரத்துக்குக் கீழே போனது? மாமியிடம் ஒரு நாள் இந்தக் கதையைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதுக்க தள்ளக்கரடி உயிரோட இருந்துதா மக்களே?" என்று கேட்டார்கள். தாய்க்கரடியைத்தான் கேட்டார்கள். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. மாமியை இந்தப் பதிவில் யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. பெற்ற பிள்ளை காப்பாற்றப்பட வேண்டும் என்றுதான் அவர்கள் எலுமிச்சம்பழத்தோடு ஓடினார்கள். தெரியாமல் செய்தார்கள். நானும் தெரியாமல்தான் செய்தேன். ஆனால் ஆடியோ போட்டவருக்குத் தெரியும். அவர் சாவு விசாரிக்கத் துஷ்டி வீட்டுக்கு வந்திருந்தார், டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கி முழுசாகப் படித்தார், நோயின் பெயரை என்னிடமே இரண்டு தடவை கேட்டார். படித்த மனுஷன்.

என் மகள் ஒன்றாம் வகுப்பு. அம்மா எங்கே என்று கேட்டால் அம்மாவுக்கு மூளையில் நோய் வந்தது என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவள் அதை அப்படியே வகுப்பிலும் சொல்லியிருக்கிறாள். இன்னும் நாலு வருடத்தில் அவள் கைக்கும் ஒரு போன் வரும். அதற்குள் அந்த ஆடியோ எல்லார் போனிலிருந்தும் போயிருக்க வேண்டும். யாரிடம் இருக்கிறதோ அழித்துவிடுங்கள், அனுப்பினவர்களையும் அழிக்கச் சொல்லுங்கள். கெஞ்சியே கேட்கிறேன்.

டிஸ்ப்ளே இன்று கூரியரில் வந்துவிட்டது. சனிக்கிழமை அந்தப் பெரியவர் வருவார். மாட்டிக் கொடுத்துவிட்டு, அவரை ஸ்டூலில் உட்காரவைத்து, ஒரு சாயா வாங்கிக் கொடுத்து, முதலில் காய்ச்சல் வந்தது என்பதிலிருந்து எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன்.